தனியாளாய் வந்தவர்கள்: பழைய சிங்கப்பூரில் தமிழரின் ஒற்றை வாழ்க்கை



தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை என் கண்முன்னே வளர்ந்த பிள்ளைகள் பலர், இன்று கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் அறை எடுத்துத் தங்கி வேலை பார்க்கின்றனர். தீபாவளிக்கு ஊர் திரும்பும்போது பார்க்க வருவார்கள். வேலையைப் பற்றிக் கேட்டால் விடை தடையின்றி வரும். வாழ்க்கையைப் பற்றிக் கேட்டால்தான் பேச்சு சற்றே தயங்கும். "பழகிக்கிட்டு வர்றேன் சார்" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில்.

பெருநகரில் தனியாக வாழப் பழகுவது இக்காலத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் நேர்ந்த சிக்கல் என்று நாம் எண்ணுகிறோம். வரலாறு அவ்வாறு சொல்லவில்லை. இப்பகுதியின் துறைமுக நகரங்களுக்கு வந்த நம் முன்னோரில் பெரும்பாலோர் தனியாளாக வந்தவர்களே. அவர்கள் அந்த வாழ்க்கைக்கு எவ்வாறு பழகினர்? அதற்காக எதைக் கொடுத்தனர்? சிங்கப்பூரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்விரண்டு கேள்விகளையும் இங்கு ஆராய விரும்புகிறேன்.

ஆண்களின் நகரம்

1819-ஆம் ஆண்டு இராஃபிள்சுடன் பினாங்கிலிருந்து சிங்கப்பூர் சென்றவர் நாராயண பிள்ளை. செங்கல் சூளை அமைத்துக் கட்டுமானத் தொழிலில் இறங்கியவர் அவர். 1825-இல் பெங்கூலனிலிருந்து இந்தியக் கைதிகள் கொண்டுவரப்பட்டனர். 1862-இல் திருநிலைப்படுத்தப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும், 1869-இல் கட்டி முடிக்கப்பட்டு இன்று இஸ்தானா என வழங்கும் ஆளுநர் மாளிகையும் அக்கைதிகளின் உழைப்பில் எழுந்தவை. கைதிகளின் குடியிருப்பு 1873-இல் மூடப்பட்டது. கைதிகளோடும் அவர்களுக்குப் பின்னும் வணிகர், எழுத்தர், துறைமுகத் தொழிலாளர், நகராட்சித் தொழிலாளர், வண்டியோட்டிகள், சலவைத் தொழிலாளர் எனப் பல்லாயிரவர் வந்தனர்.

அவர்களுள் பெண்கள் மிகச் சிலரே. 1931-ஆம் ஆண்டின் மக்கள் கணக்கெடுப்பில், சிங்கப்பூரில் ஓர் இந்தியப் பெண்ணுக்கு ஐந்துக்கும் மேற்பட்ட இந்திய ஆண்கள் இருந்தனர். மலாயாவின் ரப்பர் தோட்டங்களில் நிலைமை சற்று வேறு. பால்வெட்டுக்கும் களையெடுப்புக்கும் பெண்களின் உழைப்பு தேவைப்பட்டதால், தோட்ட நிர்வாகங்கள் குடும்பங்களை வரவேற்றன. நகரத்து வேலை ஆண்களையே கேட்டது. கூலி ஒரு வயிற்றுக்கும் ஊருக்கு அனுப்பும் சிறு தொகைக்கும்தான் போதுமானதாக இருந்தது. தங்குமிடமோ பலர் சேர்ந்து படுக்கும் ஒரே கூடம். எல்லாவற்றுக்கும் மேலாக, வந்தவர் மனத்தில் இருந்தது திரும்பிப் போகும் எண்ணம். நிலையாகத் தங்க நினைக்காதவன் குடும்பத்தை ஏன் அழைத்து வரப்போகிறான்?

கோயில் வாசலும் தர்கா நிழலும்

1926 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் 'ரஜூலா' கப்பல் தமிழகத்துக்கும் மலாயாவுக்கும் இடையே ஓடியது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஏறியவர்கள் பினாங்கிலோ சிங்கப்பூரிலோ இறங்கினர். தளத்துப் பயணிகளாக வந்த தொழிலாளர் செயின்ட் ஜான்ஸ் தீவில் நோய்த்தடுப்புக் காவலில் சில நாள்கள் இருந்த பிறகே நகருக்குள் விடப்பட்டனர். அதன் பின்? கையில் ஒரு தகரப் பெட்டி, நெஞ்சில் யாரோ சொல்லி அனுப்பிய ஒரு பெயர், அவ்வளவே.

அப்படி வந்தவர்களுக்கு முதல் கூரையாக இருந்தது வழிபாட்டிடம். 1827-இல் மரத்தாலும் அத்தாப்பாலும் கட்டப்பட்ட சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில், புதிதாக வந்தவர் வேலையும் இருப்பிடமும் தேடிக்கொள்ளும் வரை தங்க இடம் தந்தது. இந்துத் திருமணங்களைப் பதிவு செய்யும் இடமாகவும் அது விளங்கியது. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களுக்கு அதே சாலையில் ஜாமியா சூலியா பள்ளிவாசலும், தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்காவும் இருந்தன. அன்று தெலுக் ஆயர் கடலோரத் தெரு. பாதுகாப்பாகக் கரையேறியவர் நன்றி சொல்லும் முதல் இடமாக அது அமைந்தது இயல்பே.

மாரியம்மன் கோயிலை ஒட்டிய தெருவுக்குக் கோபுரத்தை வைத்தே பகோடா தெரு என்ற பெயர் அமைந்தது. அத்தெருவில் தனியாளாக வந்த சீனத் தொழிலாளர் நெருக்கியடித்துத் தங்கினர். அவர்களுக்கும் குலச் சங்கம் இருந்தது. ஊருக்குக் கடிதம் எழுதித் தரும் ஆள் இருந்தார். இரு இனத்தாரும் ஒரே சிக்கலுக்கு ஏறத்தாழ ஒரே வகைத் தீர்வைக் கண்டனர் என்பது கவனிக்கத்தக்கது.

கிட்டங்கி

தனி வாழ்க்கையை மிக ஒழுங்காக வகுத்துக்கொண்டவர்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார். மார்க்கெட் தெருவைத் தமிழர் செட்டித் தெரு என்றே அழைத்தனர். அங்கிருந்த கிட்டங்கிகள் நீண்டு குறுகிய கூடங்கள். ஒரே கூடத்தில் பல வட்டிக்கடைகள். ஒவ்வொரு கடைக்கும் ஒரு பாய் விரிக்கும் அளவு இடம். அதில் ஒரு கணக்குப் பெட்டி, சாய்வான சிறு மேசை, பின்னால் பெட்டகம். பகலில் தொழில் நடந்த அதே கட்டடத்தில்தான் இரவில் உறக்கமும். சமையலாள் உண்டு, உணவு பொது.

ஊரிலிருக்கும் முதலாளியின் முகவராக வருபவர் பொதுவாக மூன்றாண்டு இருந்து, கணக்கை ஒப்படைத்து ஊர் திரும்புவார். அவருக்குக் கீழே அடுத்தாள், அவருக்கும் கீழே பெட்டியடிப் பையன் என்று ஒரு வரிசை இருந்தது. பெட்டியடிப் பையன்களில் பலர் பதின்ம வயதினர். தாயைப் பிரிந்து வந்த சிறுவன் கணக்கு எழுதக் கற்றதும், நான்கு பேர் நடுவே பேசக் கற்றதும், அழுகையை அடக்கக் கற்றதும் அக்கூடத்தில்தான். இத்தகைய கடைகளின் உலகை அறிய விரும்புவோர் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' நாவலைப் படிக்கலாம். அவரே இளம் வயதில் இந்தோனேசியாவின் மேடான் நகருக்குச் சென்று கடையில் வேலை பார்த்தவர்.

1859-இல் டேங்க் சாலையில் நகரத்தார் எழுப்பிய தெண்டாயுதபாணி கோயில் அவர்களது வழிபாட்டு மையமாக மட்டும் இருக்கவில்லை. கூடிப் பேசி முடிவெடுக்கும் இடமாகவும் இருந்தது. மார்க்கெட் தெருக் கிட்டங்கிகள் நகர மறுசீரமைப்பில் மறைந்துவிட்டன. இன்று அங்கு நிற்பவை வானுயர்ந்த வங்கிக் கட்டடங்கள்.

ஒரு பானைச் சோறு

கூலி வேலைக்கு வந்தவர்களுக்குக் கிட்டங்கியின் ஒழுங்கும் இல்லை. முதலாளியின் பாதுகாப்பும் இல்லை. அவர்கள் தமக்கென ஒன்றை உருவாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

என் பாட்டனார் 1929-இல், இருபது அகவையில், திருமணமாகி ஓராண்டுகூட நிறையாத நிலையில் கப்பலேறியவர். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை சுமந்தார். அவரோடு ஒரே அறையில் பதினொரு பேர். அரிசி, பருப்பு, விறகு எல்லாம் பொதுச் செலவு. சமையல் முறை வைத்து நடந்தது. எழுதத் தெரிந்த ஒருவர் கணக்கு நோட்டு வைத்திருந்தார். மாதக் கடைசியில் அதைப் படித்துக் காட்டி, ஆளுக்கு இவ்வளவு என்று வசூலிப்பார். யாராவது காய்ச்சலில் படுத்துவிட்டால், அந்த மாதம் அவர் பங்கை மற்றவர்கள் ஏற்றுக்கொள்வார்கள். இது எழுதப்படாத சட்டம்.

"வேலையில ஒடம்பு வலிக்கும், அது பெருசில்ல. ராத்திரி யாரு வரலன்னு பாக்க ஒருத்தன் இருக்கணும். அதான் முக்கியம்" என்று தாத்தா சொல்வார். சோற்றைப் பங்கிடும்போது ஒரு தட்டு மீந்தால், ஆள் எங்கே என்று தேடிப் போவார்களாம். பொதுப்பானை பசிக்கு மட்டும் அன்று; ஆள் வருகைப் பதிவேடாகவும் அது பயன்பட்டது!

சமைக்க இடமில்லாதவர்களுக்குச் சாப்பாட்டுக் கடைகள் துணை நின்றன. 1924-இல் தொடங்கிய ஆனந்த பவன், 1947-இல் சிராங்கூன் சாலையில் தொடங்கிய கோமள விலாஸ் போன்ற சைவ உணவகங்கள் இத்தகைய நகரத்தில்தான் வேரூன்றின.

எழுதியவர் ஒருவர், படித்தவர் ஒருவர்

ஊரோடு இருந்த ஒரே தொடர்பு கடிதமும் மணியார்டரும். எழுதப் படிக்கத் தெரியாத பெரும்பாலோர், தெரிந்தவரிடம் சொல்லி எழுதச் செய்தனர். தாத்தாவின் அறையில் கணக்கு நோட்டு வைத்திருந்தவரே பதினொரு குடும்பத்துக்கும் கடிதம் எழுதினார். எவருக்கு எவ்வளவு கடன், எவர் தாய்க்கு என்ன நோய், எவர் மனைவி கோபித்துக்கொண்டு தாய்வீடு போனாள் என்பதெல்லாம் அந்த ஒருவருக்குத் தெரியும். அவர் வாயைத் திறந்ததில்லை என்று தாத்தா மதிப்போடு நினைவுகூர்வார்.

இந்தச் செய்தியின் மறுபக்கத்தைப் பாட்டி சொல்லித்தான் அறிந்தேன். கிராமத்துக்கு வந்த கடிதத்தைப் பாட்டிக்குப் படித்துக் காட்டியவர் உள்ளூர்த் திண்ணைப்பள்ளி வாத்தியார். "எழுதுனவரு ஒருத்தரு, படிச்சவரு ஒருத்தரு. நடுவுல நாங்க ரெண்டு பேரும் என்னத்தப் பேசிக்கிறது? நலம், நலமறிய அவா, பணம் வந்துச்சு, அவ்வளவுதான்" என்பார் பாட்டி. எட்டு ஆண்டுகள் இப்படியே கழிந்தன. தாத்தா 1936-இல் ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டத்துக்கு மாறினார். லயத்தில் வீடு கிடைத்த பிறகே, 1937-இல், பாட்டி கப்பலேறினார். இறங்குதுறையில் கணவரை அடையாளம் காணச் சற்று நேரம் ஆயிற்று என்று அவர் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அச்சிரிப்பை முழுமையாக நம்ப எனக்கு இயலவில்லை. அடுத்த ஆண்டே, 1938-இல், உதவிப் பயணத்தில் கூலித் தொழிலாளரை மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசு நிறுத்தியது.

தனியாளாய் வந்தவரின் வரலாற்றை எழுதும்போது, ஊரில் தனியாக விடப்பட்டவளின் வரலாற்றையும் சேர்த்தே எழுத வேண்டும். துறைமுக நகரத்தில் பதினொரு பேர் ஒரு பானையைச் சுற்றி அமர்ந்தனர். அங்கே அவள் மாமியார் வீட்டில், கணவனின் பெயருக்குக் கட்டுப்பட்டுக் காத்திருந்தாள். அவளுக்கு எச்சங்கமும் இல்லை.

கள்ளுக்கடையும் வாசகசாலையும்

எல்லோரும் இவ்வாழ்க்கையில் வென்றுவிடவில்லை. கூலி நாளன்று கள்ளுக்கடையில் சம்பளத்தை இழந்தவர், சூதில் இழந்தவர், வெட்கத்தால் ஊருக்கு எழுதுவதையே நிறுத்தியவர் பலர். கடிதம் நின்ற வீட்டில் ஆள் இருக்கிறாரா, இல்லையா என்பதே தெரியாது.

சீர்திருத்த இயக்கத்தார் கண்ட சிக்கலும் இதுதான். கோ. சாரங்கபாணி திருவாரூரிலிருந்து 1924-இல் சிங்கப்பூர் வந்தபோது அவருக்கு அகவை 21. அவரும் கணக்கெழுதிப் பிழைக்க வந்த தனி இளைஞர்தாம். 1929-இன் இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்து சென்றார். அதன்பின் 1930-களில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் உருவானது. 1935-இல் சாரங்கபாணி 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கினார். குடியை எதிர்த்தும், சாதி வேற்றுமையை எதிர்த்தும் அவ்வியக்கத்தார் பேசினர். அவர்தம் பேச்சைக் கேட்க மாலையில் கூடியவர்களுள் வீட்டில் காத்திருக்க எவருமில்லாத ஆண்கள் நிறையப் பேர் இருந்திருப்பர் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். கள்ளுக்கடைக்குப் போகாதே என்று சொன்னால் மட்டும் போதாது. மாலை ஆறு மணிக்குப் பின் எங்கே போவது என்பதற்கும் விடை வேண்டும். கூட்டமும், செய்தித்தாளை ஒருவர் உரக்கப் படிக்கப் பத்துப்பேர் கேட்கும் திண்ணையும், நாடக ஒத்திகையும் அதற்கு விடையாயின.

பின்னாளில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறைக்கு நூலகம் அமைக்கத் 'தமிழ் எங்கள் உயிர்' நிதியைச் சாரங்கபாணி திரட்டினார். எளிய தொழிலாளரும் தம்மால் இயன்றதை அதற்குத் தந்தனர்.

குடும்பத்தோடு வந்தவர்கள்

இதற்கு நேர்மாறான ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. கடையநல்லூர், தென்காசி வட்டாரத் தமிழ் முஸ்லிம்கள் மனைவி மக்களோடு வந்து தஞ்சோங் பகார்ப் பகுதியில் குடியேறினர். ஆண்கள் துறைமுகத்திலும் கடைகளிலும் உழைக்க, பெண்கள் மசாலா இடித்து விற்றுக் குடும்ப வருவாயைப் பெருக்கினர். பிள்ளைகள் அங்கேயே வளர்ந்ததால் பள்ளி தேவைப்பட்டது. 1946-இல் அச்சமூகம் தொடங்கிய உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளி அத்தேவையில் பிறந்தது. ஒற்றையாள் சங்கம் வைப்பான், செய்தித்தாள் படிப்பான். பள்ளிக்கூடம் கட்டும் அவசரம் பிள்ளை பெற்றவனுக்குத்தான் வரும். தமிழ்ப்பள்ளி ஆசிரியன் என்ற முறையில் இதை நான் அழுத்திச் சொல்வேன்.

பிரிவு நீண்ட விதம்

1942 முதல் 1945 வரை சப்பானியர் ஆட்சியில் கப்பலும் கடிதமும் நின்றன. மூன்றரை ஆண்டுக் காலம் இருகரையிலும் ஒருவர் நிலை ஒருவருக்குத் தெரியவில்லை. 1953-இல் நடைமுறைக்கு வந்த புதிய குடிநுழைவுச் சட்டம், விரும்பியபோது வந்துபோகும் பழைய வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. இங்கா, அங்கா என்று முடிவு செய்தாக வேண்டிய நிலை உருவானது. 1957-இல் சிங்கப்பூரில் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, தமிழர் பதிந்துகொள்ளுமாறு சாரங்கபாணி இடைவிடாது வலியுறுத்தினார். பலர் பதிந்தனர், குடும்பத்தையும் வரவழைத்தனர். அதே ஆண்டின் கணக்கெடுப்பில் ஓர் இந்தியப் பெண்ணுக்கு இந்திய ஆண்கள் இருவருக்குச் சற்று மேல் என்ற அளவுக்கு ஏற்றத்தாழ்வு குறைந்திருந்தது.

பதியாதவரும் பலர். பிரிட்டிஷ் படைகள் வெளியேறும் என 1968-இல் அறிவிக்கப்பட்டு, 1971-இல் அது நிறைவேறியது. செம்பவாங் கடற்படைத் தளத்தில் பல்லாண்டு உழைத்த இந்தியத் தொழிலாளர் பலர் பணிக்கொடையைப் பெற்றுக்கொண்டு கப்பலேறினர். முப்பது ஆண்டுகளில் நான்கைந்து முறை மட்டுமே ஊரைக் கண்ட ஒருவர், அறுபது அகவையில் மனைவியோடு முதன்முறையாகத் தொடர்ந்து வாழத் தொடங்குவதை எண்ணிப் பாருங்கள். நகரத்தில் தனியாக வாழப் பழகியவர், வீட்டில் சேர்ந்து வாழ மீண்டும் பழக வேண்டியிருந்தது.

வரலாறு கற்பிப்பது

இவற்றையெல்லாம் தொகுத்துப் பார்த்தால் ஓர் உண்மை விளங்குகிறது. நம் முன்னோர் தனிமையைத் தனி ஒருவரின் மனவுறுதியால் வென்றவர்கள் அல்லர். நான்கு ஏற்பாடுகளால் அதைத் தாங்கினர். ஒன்று, நாள்தோறும் உடன் உண்ண ஆள். இரண்டு, தவறாமல் வீட்டுக்குப் போகும் செய்தி. மூன்று, வேலை முடிந்தபின் போய்ச் சேர ஓர் இடம். நான்கு, நோயிலும் சாவிலும் பொறுப்பேற்க ஒரு கூட்டம். இந்நான்கில் ஒன்று அறுந்தாலும் ஆள் தடுமாறினார். நான்கும் அறுந்தால் காணாமலே போனார்.

இன்றும் தமிழகத்திலிருந்து சிங்கப்பூர் செல்லும் கட்டுமானத் தொழிலாளர் ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவில் கூடுவது இதன் தொடர்ச்சியே. 2020 ஏப்ரலில் தொற்றுநோயின்போது அவர்களது தங்குவிடுதிகள் மூடப்பட்டன. கைப்பேசியில் வீட்டார் முகம் தெரிந்தது; ஆனால் போய்ச் சேரும் இடம் பல மாதங்கள் இல்லாமற் போயிற்று. அவர்கள் பட்ட துயரை, வேலை இழப்பையும் நோயச்சத்தையும் மட்டும் கொண்டு அளக்க இயலாது.

நம் பிள்ளைகளுக்கு இன்று தனியறை உண்டு, கதவுக்குப் பூட்டு உண்டு, நினைத்த நொடியில் தாயோடு பேசும் வசதி உண்டு. என் பாட்டியின் தலைமுறைக்குக் கிடைக்காத பேறு அது. ஆனால் இரவில் ஒரு தட்டு மீந்தால் தேடி வர ஆளுண்டா? நகரத்துக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர், வாடகை எவ்வளவு என்று கேட்கிறோம். யாரோடு சாப்பிடுவாய் என்றும் கேட்க வேண்டும். நகரத்தில் முன்பே நிலைபெற்ற நம்மவர், புதிதாக வந்த ஊர்ப்பிள்ளையை வாரம் ஒருமுறையேனும் உணவுக்கு அழைக்க வேண்டும். கோயில்களும் சங்கங்களும் திருவிழா நாளில் மட்டுமன்றி மற்ற நாள்களின் மாலைப்பொழுதிலும் இளைஞருக்காகத் திறந்திருக்க வேண்டும்.

இன்னொரு வேண்டுகோள். தனியாளாய் வந்தவர்களின் பிள்ளைகள் இன்னும் நம்மிடையே உள்ளனர். தகரப் பெட்டிகளின் அடியில் பழைய கடிதங்கள், மணியார்டர் சீட்டுகள், சாப்பாட்டுக் கணக்கு நோட்டுகள் கிடக்கலாம். அவற்றைக் குப்பையென்று எறியாதீர்கள். முதியவர்களைக் கேட்டுப் பெயரும் ஆண்டும் குறித்து வையுங்கள். பாட்டிமார் இருந்தால் முதலில் அவர்களிடம் கேளுங்கள். கடிதத்தில் எழுதப்படாமல் போனவை அவர்களிடம்தான் இருக்கின்றன.